தண்ணீருக்கு வழி விட்டால்தான் சாலை நிற்கும்

கிராமச் சாலை வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். சாலை பெயர்ந்தால் "தார் கம்மியா போட்டுட்டாங்க" என்பார்கள். அதுவும் நடக்கிறதுதான். ஆனால் நான் முதலில் பார்ப்பது சாலையின் ஓரத்தை. பெர்ம், அதாவது தாரை ஒட்டியிருக்கும் மண் ஓரம், மேடாகிக் கிடந்தால் மழைத் தண்ணீர் இறங்க வழியில்லாமல் தார் மேலேயே நிற்கும், விரிசல் வழியாக ஜல்லிக்குள் இறங்கி அடிமண்ணை ஊற வைத்துவிடும், அப்புறம் நெல் மூட்டை ஏற்றிய நாலு லாரி போனாலே சாலை அமுங்கிவிடும்.

பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில், எஸ்டிமேட் இறுதியாகும் முன்பே பொறியாளர் ஊர்க்காரர்களோடு சாலை போகும் வழியை நடந்து பார்க்க வேண்டும். அப்படி ஒரு ஊரில் நடந்தபோது வயதான அம்மா ஒருவர் ஓர் இடத்தைக் காட்டி, "ஐப்பசில இங்கதான் சார் தண்ணி குறுக்க பாயும்" என்றார். நல்ல வெயில் காலம், தரை காய்ந்து கிடந்தது, வரைபடத்திலும் ஓடை இல்லை. சாலைக்கு அடியில் தண்ணீர் போக விடும் குழாய்ப் பாலத்தைச் சேர்க்காமல் விட்டோம். அடுத்த ஐப்பசியில் சரியாக அதே இடத்தில் சாலை அறுத்துக்கொண்டு போனது. அந்த அம்மா சொன்னதை எழுதிக்கொள்ளக்கூட இல்லையே என்ற வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது.

2000-இல் தொடங்கிய இந்தத் திட்டம் சமவெளியில் 500 பேர், மலைப்பகுதியில் 250 பேர் வாழும் குடியிருப்புகளுக்கும் சாலை கொண்டுவந்தது. ஆம்புலன்ஸ் ஊருக்குள் வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். போட்ட ஒப்பந்ததாரரே 5 வருடம் பராமரிக்க வேண்டும் என்றும் வைத்தார்கள், நல்ல ஏற்பாடு. ஆறாவது வருடம்தான் சிக்கல். புதுச் சாலைக்கு ஒதுக்க நிதி கிடைக்கிறது, பெர்ம் வெட்டவும் வாய்க்கால் தூர் வாரவும் குழாய் அடைப்பு எடுக்கவும் கேட்டால் கிடைப்பதில்லை. மண்வெட்டியும் நாலு ஆளும் போதும் இதற்கு, ரோடு ரோலர்கூட வேண்டாம். இதைத் தள்ளிப்போட்டுவிட்டு, பிறகு மொத்தச் சாலையையும் கிளறிப் போடுகிறோம்.

உங்கள் ஊர்ச் சாலை இந்தத் திட்டத்தில் போட்டதா? ஓரத்தில் இருக்கும் பலகையில் வேலை முடிந்த தேதி, ஆண்டுவாரிப் பராமரிப்புத் தொகை இருக்கும், பாருங்கள். 5 வருடம் முடியவில்லை என்றால் ஒப்பந்ததாரர்தான் சரிசெய்ய வேண்டும். முடிந்திருந்தால் ஆகஸ்ட் 15 கிராம சபையிலேயே கேட்டுத் தீர்மானமாக எழுத வையுங்கள். அக்டோபர் 2 வரை விட்டால் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும், வாய்க்கால் வெட்ட நாள் இருக்காது.