மூன்று வரி எழுதிவிட்டுக் கேட்கட்டும்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் என்று எந்தப் பக்கம் போனாலும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "சாட்ஜிபிடியைப் பார்த்துக் கணக்கு போடுறான், விடலாமா சார்?" விடலாம். போனை எப்போது எடுக்கிறான் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு கூம்பின் ஆரம் 7 செ.மீ., சாயுயரம் (நுனியிலிருந்து அடிவிளிம்பு வரை சாய்வாக அளப்பது) 25 செ.மீ. கன அளவு என்ன? நிறைய பிள்ளைகள் 25-ஐயே உயரமாக வைத்து 1283.33 என்று முடித்துவிடுவார்கள். பிதாகரஸ் போட்டு உயரம் 24 என்று எடுத்தால்தான் 1232 கன செ.மீ. வரும். படம் பிடித்து அனுப்பினால் செயலி அத்தனை வரியையும் எழுதித் தந்துவிடும். அப்படியே நோட்டில் இறக்கிவிடுவான். 25 எங்கே 24 ஆனது என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பான். படிக்கும்போது புரிந்த மாதிரிதான் இருந்திருக்கும்.

துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்விலும் இதே கதைதான். ஜிபிடி-4 துணையோடு பயிற்சிக் கணக்குகளில் 48 சதவீதம் கூடுதல் மதிப்பெண் எடுத்தவர்கள், அது இல்லாமல் தேர்வு எழுதியபோது, அதைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். செயலி விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தந்த குழுவில் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை.

எனவே முதலில் பென்சிலால் மூன்று வரியாவது எழுதட்டும், தப்பாக இருந்தாலும் சரி. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, "விடை சொல்லாதே. எந்த வரியில் தவறினேன் என்று மட்டும் சொல்" என்று தமிழிலேயே கேட்கலாம். விடை 1231.5 என்று வந்தால் பயப்பட வேண்டாம். செயலி பை (π) என்பதன் தசம மதிப்பை எடுத்திருக்கும், நம் பாடநூல் 22/7 எடுக்கும். சரியாகப் போட்ட 1232-ஐ அடித்துவிட்டு வருகிற பிள்ளைகள்தான் பாவம்.

ஊர் விவரங்களில் இன்னும் கவனம் வேண்டும். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம், ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டம். செயலி பழைய தகவலை வைத்து இரண்டையும் வேலூரிலேயே சேர்த்துச் சொன்னால் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? புத்தகத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

மறுநாள் போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு எண்ணை மட்டும் மாற்றிக் கொடுங்கள்: ஆரம் 5, சாயுயரம் 13. உயரம் 12 என்று தானாக எழுதினால் அடுத்த பயிற்சிக்குப் போகலாம்.