எம்பிராய்டரி ‘டிஜிட்டைசிங்’: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

சிங்கப்பூரின் தேக்கா நிலையத்தின் மாடியில் ரவிக்கை தைக்கக் கொடுப்பவர்கள், சமூக மன்றக் குழுவுக்கோ கோவில் தொண்டூழியர்களுக்கோ சின்னம் பதித்த டி-சட்டை ஏற்பாடு செய்பவர்கள் எல்லாருக்கும் இந்தச் சொல் காதில் விழுந்திருக்கும். “லோகோவை முதல்ல டிஜிட்டைஸ் பண்ணணும், அதுக்குத் தனிக் கட்டணம்.” கேட்பவருக்கு உடனே குழப்பம். லோகோவைத்தான் கைப்பேசியில் படமாக அனுப்பியாயிற்றே, அது ஏற்கெனவே டிஜிட்டல்தானே, இன்னும் அதில் டிஜிட்டைஸ் செய்ய என்ன இருக்கிறது?

நியாயமான கேள்விதான். கடைக்காரர் ஏமாற்றவில்லை, சொல்தான் ஏமாற்றுகிறது.

எம்பிராய்டரி இயந்திரத்துக்குப் படம் புரியாது. துணி மாட்டிய சட்டத்தை இவ்வளவு தூரம் நகர்த்து, ஊசியை இறக்கு, நூலை வெட்டு, நிறம் மாற்ற நில் என்ற சில கட்டளைகள்தான் அதற்குத் தெரியும். ஓவியத்தைப் பார்த்து, அது துணியில் எந்தத் தையலாக, எந்த வரிசையில், எந்தத் திசையில் விழ வேண்டும் என்று மென்பொருளில் தீர்மானித்து, அந்தக் கட்டளைகளைக் கோப்பாக ஆக்கித் தருவதற்குத்தான் டிஜிட்டைசிங் என்று பெயர். தொழிலில் பரவலாகப் புழங்கும் டிஎஸ்டி என்ற கோப்பு வகை ஜப்பானியத் தயாரிப்பான தஜிமா இயந்திரங்களிலிருந்து வந்தது. அதைத் திறந்து பார்த்தால் படமே இருக்காது. 0.1 மில்லிமீட்டர் அலகில் நகர்வுகள் மட்டும் வரிசையாக இருக்கும். ஒரு நகர்வு 12.1 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. சிவப்பா பச்சையா என்பதுகூட அதில் பதிவாகாது, ‘இங்கே நிறம் மாற்று’ என்பதோடு சரி. கடையில் நூல் நிறத்தைத் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி சொல்லின் பூர்வீகம். லத்தீனில் ‘டிஜிட்டுஸ்’ என்றால் விரல். நாம் விரல் விட்டு எண்ணுவதைப் போல அவர்களும் எண்ணியதால் விரல் ‘டிஜிட்’ ஆகி, பூஜ்யம் முதல் ஒன்பது வரையுள்ள இலக்கத்துக்குப் பெயராயிற்று. கணினிகள் வந்ததும் ஒன்றை எண்களாக மாற்றுவது டிஜிட்டைஸ் செய்வது என்றானது.

அந்தச் சொல் துணிக்கடைக்குள் நுழைந்த கதை இன்னும் சுவையானது. 1828-இல் பிரான்சின் முலூஸ் நகரத்து ஜோசுவே ஹைல்மன் கையால் இயக்கும் எம்பிராய்டரி இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். 1863-இல் சுவிட்சர்லாந்தின் ஐசக் குரோப்லி தையல் இயந்திரத்தைப் போலவே மேல்நூலும் கீழ்நூலும் கொண்ட ‘ஷிஃப்லி’ இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். ஷிஃப்லி என்றால் அவர்கள் ஊர்ப் பேச்சில் ‘சின்னப் படகு’. கீழ்நூலைச் சுமந்து போய்வரும் நாடா (தறியில் ஓடுவது போன்றது) படகு வடிவில் இருந்ததால் அந்தப் பெயர். இந்த இயந்திரங்களை ஓட்ட ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். ஓவியத்தை ஆறு மடங்கு பெரிதாக வரைந்து பலகையில் மாட்டியிருப்பார்கள். அவர் ‘பான்டோகிராஃப்’ என்ற கரத்தின் முனையை அந்தப் பெரிய படத்தில் ஒவ்வொரு தையலாக வைத்துக்கொண்டே போக, துணி ஆறில் ஒரு பங்கு அளவில் நகரும். 1898-இல் குரோப்லியின் மகன் ஜோசஃப் அர்னால்ட், துளையிட்ட அட்டைகளைப் படித்துத் தானே தைக்கும் ஷிஃப்லியைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு பெரிய படத்தைப் பார்த்து அட்டையில் துளை போடுவது தனித் தொழிலாகி, ‘பஞ்சிங்’ என்று பெயர் பெற்றது. இன்றைக்கும் இந்தியாவில் எம்பிராய்டரித் தொழில் பழகியவர்கள், துளையும் அட்டையும் மறைந்த பிறகும், மென்பொருளில் செய்வதைப் பஞ்சிங் என்றே சொல்கிறார்கள். பஞ்சுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கணினி வந்த புதிதிலும் அதே ஆறு மடங்குப் படம்தான். அதை மின்பலகை ஒன்றின் மேல் ஒட்டி, குறுக்குக் கோடு போட்ட கண்ணாடி வழியே பார்த்து, ஒவ்வொரு புள்ளியிலும் பொத்தானை அழுத்துவார்கள். அந்தப் புள்ளி கிடையாக எவ்வளவு, செங்குத்தாக எவ்வளவு என்ற இரண்டு எண்கள் பதிவாகும். அந்தப் பலகைக்கு டிஜிட்டைசர் என்று பெயர், வேலை டிஜிட்டைசிங். அப்போது சொல் பொருந்தியது: காகிதத்தில் இருந்த படம் உண்மையிலேயே எண்ணாக மாறியது. இன்று ஓவியமே கணினியில் பிறக்கிறது. பலகை போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

சரி, எண்ணாக்குவது இந்த வேலையின் சின்னப் பகுதி என்றால், பெரிய பகுதி எது? தையலைத் தேர்ந்தெடுப்பது. மெல்லிய கோட்டுக்கு ஓட்டுத் தையல். பட்டையான கோட்டுக்கு, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நெருக்கமாகப் போய்வரும் ‘சாட்டின்’. அகலமான பரப்புக்கு நிரப்புத் தையல். பாய் பின்னியது போலத் தெரிவதால் அதை ஜப்பானியப் பாயின் பெயரால் ‘டடாமி’ என்கிறார்கள். வழக்கமான 40ஆம் எண் நூலுக்கு வரிகளின் இடைவெளி ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். அதைவிட நெருக்கினால் துணி விறைத்துச் சுருங்கும், ஊசியும் உடையலாம். தளர்த்தினால் அடித்துணி எட்டிப் பார்க்கும். இவற்றுக்கெல்லாம் அடியில் முதலில் ஒரு மெல்லிய அடித்தையல் போட்டுத் துணியை நிலைப்படுத்த வேண்டும். வாடிக்கையாளர் கண்ணில் படாத வேலை அது, ஆனால் அது இல்லையென்றால் மேலே உள்ள எதுவும் நிற்காது.

நூல் இழுபடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். தையல் ஓடும் திசையில் துணி சுருங்கும், குறுக்குத் திசையில் கொஞ்சம் பிதுங்கும். அதனால் வட்டமான சின்னத்தை அப்படியே வட்டமாக வரைந்து கொடுத்தால் சட்டையில் முட்டையாக வரும். வட்டம் வேண்டும் என்றால் திரையில் தெரிந்தே முட்டையாக வரைய வேண்டும், எந்தப் பக்கம் நீளும் முட்டை என்பது தையல் திசையைப் பொறுத்தது. படத்தைப் போட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் தானே செய்துதரும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. எளிய, பெரிய வடிவங்களுக்கு அது போதும். இதை இலவசமாகப் பழகிப் பார்க்க நினைப்பவர்கள், இங்க்ஸ்கேப் என்ற வரைமென்பொருளோடு சேர்ந்து இயங்கும் இங்க்ஸ்டிச் என்ற நீட்சியில் தொடங்கலாம்.

தமிழ் எழுத்து வந்துவிட்டால் வேலை இன்னும் நுணுக்கம். தைப்பூசத்துக்கோ பொங்கலுக்கோ சட்டையில் தமிழ்ப் பெயர் போடச் சொல்பவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். ‘கண்ணன்’ என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன, இரண்டு புள்ளிகள் எல்லாம் அதில் இருக்கின்றன. எழுத்தின் உயரம் ஐந்தாறு மில்லிமீட்டர் என்றால் சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் நூலின் தடிமனுக்கே காணாது. சாட்டின் தையல் வீங்கிச் சுழியை அடைத்துவிட, ண எது ன எது என்று தெரியாமல் இரண்டும் நூல் உருண்டையாக நிற்கும். சுழியைத் திறந்து வைக்கக் கோட்டை மெலிய வைக்க வேண்டும், அல்லது அச்செழுத்தை விட்டுவிட்டு எழுத்தையே அகலமாகத் திருத்தி வரைய வேண்டும். தமிழ் படிக்கத் தெரியாதவர் இதைச் செய்தால் எதை மெலிய வைக்கலாம், எதை விடக்கூடாது என்று அவருக்குத் தெரியாது.

புள்ளி அதைவிட மோசம். ஒவ்வொரு புள்ளிக்கும் இயந்திரம் எழுத்தை முடித்து, நூலைக் கட்டி, வெட்டி, மேலே தாவி, குட்டியாக ஒரு பொட்டுத் தைத்து, மறுபடி கட்டி வெட்ட வேண்டும். படத்திலிருந்து தானாகத் தடம் பிடிக்கும் வசதியில் சிறு துகள்களை விட்டுவிடும்படி ஓர் அமைப்பு இருக்கும். தூசியை நீக்குவதற்காக வைத்தது. நம் புள்ளி அதன் கணக்கில் தூசிதான். கண்ணன் ‘கணணன’ ஆகிவிடுவார். புள்ளி வைத்த எழுத்துகளைத் தைக்கக் கொடுக்கும்போது மாதிரித் துணியில் ஒருமுறை தைத்துக் காட்டச் சொல்வது நல்லது. கோப்பைத் திரையில் பார்த்து ஒப்புதல் தருவது போதாது.

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். சிங்கப்பூரில் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது மின்னிலக்கம். தமிழ்நாட்டில் எண்ணிமம், எண்மம் என்றெல்லாம் எழுதிப் பார்த்தார்கள், பேச்சில் டிஜிட்டல்தான் நிற்கிறது. இங்கே மின்னிலக்கம் செய்தியிலும் அறிவிப்பிலும் நிலைத்துவிட்டது. 2024 ஜூலையில் பெயர் மாறிய அமைச்சே மின்னிலக்க மேம்பாடு, தகவல் அமைச்சு ஆயிற்று. மின்னும் இலக்கமும் சேர்ந்த அழகான கூட்டுச்சொல் அது. ஆனால் எம்பிராய்டரிக்கு ‘மின்னிலக்கமாக்கம்’ என்று எழுதினால், கடையில் கேட்ட அதே குழப்பம் தமிழிலும் தொடரும். பழைய புகைப்படங்களை வருடி எடுத்து வைப்பதும் மின்னிலக்கமாக்கம்தானே.

‘வடிவமைப்பு’ என்பதும் ஆகாது. அது ஓவியரின் வேலை; அவர் முடித்த இடத்தில்தான் இவர் தொடங்குகிறார். ‘தையல் நிரலாக்கம்’ பொருளில் நெருங்கி வருகிறது, ஆனால் கணினிப் பாடப்புத்தக வாடை அடிக்கிறது. ‘நூலாக்கம்’ என்று ஆசையாகச் சொல்லிப் பார்க்கலாம், புத்தகம் போடுவதாக நினைத்துக்கொள்வார்கள். பஞ்சிலிருந்து இழை வருவதையும் சொல்லிலிருந்து நூல் வருவதையும் நன்னூலே ஒப்பிட்டு வைத்திருக்கிறது. அந்தச் சிலேடையை நாம் விலக்க முடியாது.

எம்பிராய்டரிக்குத் தமிழில் பூத்தையல், பூவேலை, சித்திரத்தையல் என்று பல பெயர்கள் உண்டு. பழைய நூல்களில் தைப்பதற்குத் துன்னம் என்றும் தைப்பவருக்குத் துன்னகாரர் என்றும் சொற்கள் உண்டு. இன்று அவற்றை மீட்டு எழுதினால் அகராதியைப் புரட்ட வேண்டியிருக்கும். பூத்தையல் எளிது, பார்த்ததும் புரியும். வேற்று மொழியில் உள்ளதைத் தமிழில் தருவது தமிழாக்கம் என்றால், படத்தில் உள்ளதைப் பூத்தையலில் தருவது பூத்தையலாக்கம். என் தேர்வு இதுதான். எண்ணை விட்டுவிட்டுத் தையலைப் பிடித்துக்கொள்கிறது. தமிழாக்கம் செய்பவர் எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று முடிவெடுப்பது போல இவரும் முடிவெடுக்கிறார் என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது.

கடைப் பேச்சில் தையலாக்கம் என்று சுருக்கிக்கொள்ளலாம். ‘தையல்’ என்றால் பெண் என்றும் பொருள் உண்டு, மகளிர் முன்னேற்றத் திட்டமோ என்று ஒரு புலவர் கேட்கக்கூடும். கேட்கட்டும். சட்டை தைப்பதோடு குழம்பும் என்பது அதைவிட நியாயமான ஆட்சேபம். எழுத்தில் ‘பூ’வை விடாமல் எழுதினால் தீர்ந்தது.

எல்லாப் பூத்தையலுக்கும் இது தேவைப்படாது. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற கெபாயா என்ற தென்கிழக்காசியப் பெண்கள் மேலாடையின் பூவேலையை, காலால் மிதிக்கும் தையல் இயந்திரத்தில் துணியைக் கையால் நகர்த்தியே செய்துவந்திருக்கிறார்கள். ரவிக்கைக்குச் செய்யும் ஆரி வேலையிலும் துணியில் வரைந்த கோட்டின் மேல் ஊசி நேராக ஓடுகிறது. தையலாக்கம் அங்கே கையிலேயே நடந்துவிடுகிறது.

துணைச்சொற்களும் வேண்டும். இந்த வேலை செய்பவர் பூத்தையலாக்குநர். இயந்திரத்துக்குப் போகும் டிஎஸ்டி, பிஇஎஸ் போன்றவை தையல் கோப்புகள். மென்பொருளில் திருத்தக்கூடிய மூலத்தை வரைவுக் கோப்பு எனலாம். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வதில் காசு விஷயமும் இருக்கிறது. தையல் கோப்பில் இருப்பது வெறும் நகர்வுகள் என்பதால், நெஞ்சுப் பக்கச் சின்னத்தைத் தொப்பிக்காக அப்படியே பாதியாகச் சுருக்கினால் அதே எண்ணிக்கைத் தையல்கள் பாதி அளவில் நெருக்கிக்கொண்டு நிற்கும். வரைவுக் கோப்பில் அளவை மாற்றினால் மென்பொருள் தையல்களைப் புதிதாகக் கணக்கிடும். எனவே கட்டணம் கட்டும்போதே, “தையலாக்கத்தில் வரைவுக் கோப்பும் சேர்த்தியா?” என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.