ஆபரேஷன் தியேட்டர் படிப்பு: சேருவதற்கு முன்னும், சேர்ந்த முதல் மாதங்களிலும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் வள்ளியூர், அம்பாசமுத்திரம், ஆலங்குளம் பக்கமிருந்தெல்லாம் பெற்றோர் போன் செய்வார்கள். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, நர்சிங்கில் பிள்ளைக்கு விருப்பமில்லை, தியேட்டர் டெக்னாலஜி என்று ஒரு படிப்பு இருக்கிறதாமே, வேலை கிடைக்குமா, வெளிநாடு போகலாமா என்று கேட்பார்கள். வேலை கிடைக்கும். ஆபரேஷன் நடக்கிற ஆஸ்பத்திரி எதற்கும் இந்தப் படிப்பு படித்த ஆள் வேண்டும். ஆனால் அந்த அறைக்குள் பிள்ளை என்ன செய்யப்போகிறான் என்று கேட்பவர்கள் குறைவு. மெஷினைப் பார்த்துக்கொள்கிற வேலை என்று நினைத்துத்தான் பலரும் சேர்த்துவிடுகிறார்கள். பிள்ளைகளும் அதே நினைப்போடு வருகிறார்கள்.

நான் பாளையங்கோட்டையில் பல வருடங்களாகத் தியேட்டர் டெக்னாலஜிஸ்ட். புதிதாக வரும் மாணவர்களைப் பழக்குவதும் என் வேலையில் ஒரு பகுதி. அவர்களிடம் முதல் நாளே சொல்வது இதுதான்: மயக்கத்தில் இருக்கிறவரால் குளிருகிறது, கை மரத்துப்போகிறது, மூச்சு முட்டுகிறது என்று சொல்ல முடியாது. அவருக்குப் பதிலாக அதையெல்லாம் கவனித்துச் சொல்ல அங்கே நான்கைந்து பேர்தான் இருப்பார்கள். அதில் நீங்களும் ஒருவர். மெஷினைப் பழக ஆறு மாதம் போதும். இதைப் பழக அதைவிட நாளாகும்.

இங்கிலாந்தில் இந்த வேலையைச் செய்பவர்களை ஆப்பரேட்டிங் டிபார்ட்மென்ட் பிராக்டிஷனர் என்கிறார்கள். 2004 முதல் சட்டப்படியான பதிவேட்டில் பெயர் இருப்பவர்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியும். அங்கே ஆஸ்பத்திரியில் சம்பளத்துக்குச் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே பல்கலைக்கழகப் பட்டம் வாங்குகிற வழியும் இருக்கிறது. மயக்கம் கொடுக்கும் இடம், அறுவை நடக்கும் மேஜை, கண் விழிக்கும் ரெக்கவரி என்று மூன்று இடத்திலும் பழகியாக வேண்டும். நம் ஊரில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் மூன்று வருடப் படிப்பு, அப்புறம் ஒரு வருடக் கட்டாயப் பயிற்சி என்று வைத்திருக்கிறார்கள். ஏற்பாடு வேறாக இருந்தாலும் கற்க வேண்டியது ஒன்றுதான். அதனால் இங்கே சேரும் மாணவரும் அந்த மூன்று இடங்களையும் கேட்டு வாங்கிப் பழக வேண்டும். டிராலி தள்ளவும் சிலிண்டர் மாற்றவும் மட்டும் விட்டுவிட்டால் வருடம் வீணாகிவிடும்.

சரி, தியேட்டர் வாசலுக்கு வருவோம். நோயாளியை வார்டிலிருந்து கொண்டுவந்ததும் பெயரைச் சரிபார்க்க வேண்டும். நம் பக்கத்தில் ஒரே நாள் லிஸ்ட்டில் இரண்டு இசக்கியம்மாள், இரண்டு சுடலைமுத்து இருப்பது அதிசயமில்லை. "நீங்கதானே இசக்கியம்மா?" என்று கேட்டால், பயத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டிவிடுவார். "உங்க பேரு என்ன? எந்தப் பக்கம் ஆபரேஷன்னு டாக்டர் சொன்னாங்க?" என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். கையில் கட்டிய பட்டை, கேஸ் ஷீட், டாக்டர் போட்ட அடையாளம் எல்லாம் அதோடு ஒத்துப்போக வேண்டும்.

அடுத்தது வெறும் வயிறு. இதில் நடக்கும் குழப்பத்தை ஒவ்வொரு புது மாணவருக்கும் விளக்கிச் சொல்வேன்.

"ஆச்சி, காலையில ஏதும் சாப்பிட்டீயளா?"

"ஒண்ணும் சாப்பிடலய்யா. ஒரு வாய் காப்பிதான் குடிச்சேன்."

ஆச்சி பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் காப்பி சாப்பாட்டில் சேராது. மயக்க மருத்துவர்களின் கணக்கு வேறு. தண்ணீரும் பால் சேர்க்காத காப்பி, டீயும் குடித்தால் 2 மணி நேரம் கழிய வேண்டும். தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம். பால் காப்பி, இட்லி மாதிரி லேசான உணவுக்கு 6 மணி நேரம். பரோட்டா சால்னா, கறி, எண்ணெயில் பொரித்தது என்றால் 8 மணி நேரம். மயக்கத்தில் தொண்டையின் காவல் போய்விடுகிறது. வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

தெரிந்தே மறைப்பவர்களும் உண்டு. களக்காட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருப்பார்கள், மகன் லீவு போட்டிருப்பான், இன்றைக்கு இல்லையென்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் இருக்கும். அதட்டிக் கேட்டால் உண்மை வராது. "கடைசியா என்ன குடிச்சீய, எத்தனை மணி இருக்கும்? சொன்னீயன்னா அதுக்குத் தகுந்த மாதிரி டாக்டர் பார்த்துக்கிடுவாங்க" என்று உட்கார்ந்து கேட்டால் சொல்லிவிடுவார்கள். சொன்னதை அப்படியே மயக்க மருத்துவரிடம் தெரிவித்துவிட வேண்டும். ஆபரேஷனைத் தள்ளுவதா வேண்டாமா என்பது அவர் முடிவு.

பிறகு நகை. தாலிச் செயின், மெட்டி, மூக்குத்தி, வளையல், அரைஞாண், சிலுவை, தாயத்து எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். டயதெர்மி என்கிற கரண்ட் கருவியைப் பயன்படுத்தும்போது உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடம் சுட்டுவிடக்கூடும். கழுத்தில் ஊசி போடவும் இடைஞ்சல். தாலியைக் கழற்றச் சொன்னதும் அழுகிற பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆபரேஷன் பயத்தோடு இதுவும் சேர்ந்துகொள்ளும். வாசலில் எல்லார் முன்னாலும் "கழட்டுங்கம்மா" என்று சத்தம் போடுவது மகா தவறு. திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காரணத்தைச் சொல்ல வேண்டும். அவர் கையாலேயே தாயிடமோ கணவரிடமோ கொடுக்கச் சொல்ல வேண்டும். மஞ்சள் கிழங்கு கட்டிய கயிறு போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டால், டாக்டரிடம் கேட்டு அனுமதிக்கலாம். இதற்கு ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தைத் தர மனமில்லாதவர் இந்த வேலைக்கு வர வேண்டாம் என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன்.

நகப்பூச்சும் கெட்டியாகப் போட்ட மருதாணியும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவை விரலில் மாட்டிப் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் கணக்கைக் குழப்பலாம். அப்போது விரலை மாற்றுங்கள், இல்லையென்றால் காது மடலில் மாட்டிப் பாருங்கள்.

முதுகில் ஊசி போட்டுச் செய்யும் ஆபரேஷன்களில் நோயாளி விழித்துத்தான் இருப்பார். சிசேரியன்கள் பெரும்பாலும் அப்படித்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு இருக்காது, காது நன்றாகவே கேட்கும். அந்த நேரத்தில் ஊழியர்கள் சம்பளப் பாக்கியையும் சினிமாவையும் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டுக்கொண்டே படுத்திருக்கும் பெண்ணின் நிலையை நினைத்துப்பாருங்கள். தலைமாட்டில் நின்று, "இப்ப வயித்தை அமுக்குவாங்க, வலி இருக்காது, பயப்படாதீய" என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால் அவருக்கு எவ்வளவோ தைரியம். வாந்தி வருகிறது, மூச்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்னால் அதை உடனே மருத்துவர் காதில் போட வேண்டும். பிரஷர் இறங்குவதன் முதல் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

முழு மயக்கம் என்றால் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். கண் இமை மூடியிருக்கும்படி டேப் ஒட்டியிருக்கிறதா? கையை 90 டிகிரிக்கு மேல் விரித்து வைத்தால் தோள் நரம்பு இழுபடும். காலைத் தூக்கிக் கட்டும்போது முழங்காலுக்கு வெளிப்பக்கம் மெத்தை வைக்காவிட்டால் அங்கே நரம்பு நசுங்கிப் பாதத்தைத் தூக்க முடியாமல் போகலாம். ஆபரேஷன் நன்றாக முடிந்தும் கை கால் மரத்துப்போன நிலையில் ஒருவர் வீட்டுக்குப் போவது எவ்வளவு பெரிய கொடுமை! குளிரையும் மறந்துவிடக் கூடாது. உடல் வெப்பம் 36 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் ரத்தக் கசிவும் புண்ணில் தொற்றும் கூடும். மூடாமல் கிடக்கும் உடம்பை மூடுவதற்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை. நோயாளியின் மானத்துக்கும் அதுதான் மரியாதை.

2008-ல் உலக சுகாதார நிறுவனம் ஆபரேஷன் பாதுகாப்புக்கு 19 கேள்விகள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், தியேட்டரை விட்டு வெளியேறும் முன் என்று மூன்று முறை நின்று கேட்க வேண்டும். தில்லி உட்பட 8 நகரங்களில் அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் குறைந்தன என்று 2009-ல் முடிவு வெளியானது. வாய் திறந்து கேட்டால்தான் அந்தப் பட்டியலால் பயன். வரிசையாக டிக் போட்டுவிட்டுக் கையெழுத்தைப் பிறகு வாங்கும் பழக்கம் எங்கேயாவது கண்ணில் பட்டால், அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதீர்கள். மாப் கணக்கும், அதாவது ரத்தம் ஒற்றும் துணி எதுவும் உடம்புக்குள் விடுபடவில்லை என்று எண்ணிப் பார்ப்பதும் அப்படித்தான். ஒன்று குறைகிறது என்று தோன்றினால், பெரிய டாக்டர் தையல் போட ஆரம்பித்திருந்தாலும் சொல்லிவிட வேண்டும். மாணவனுக்கு அது கஷ்டம்தான், எனக்குத் தெரியும். "சார், கவுண்ட் சரியா வரல" என்று சொன்னால் போதும். மற்றதை, டாக்டருக்குக் கருவி எடுத்துக்கொடுக்கும் ஸ்கிரப் சிஸ்டர் பார்த்துக்கொள்வார்.

மெஷினைப் பற்றி இங்கே அதிகம் எழுதவில்லை, வகுப்பில் சொல்லித்தருவார்கள். ஒரு பழக்கம் மட்டும் முதல் வாரத்திலேயே வர வேண்டும். கேஸ் தொடங்கும் முன் சளி, ரத்தத்தை உறிஞ்சும் சக்ஷன் இழுக்கிறதா, தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப் விளக்கு எரிகிறதா, மாற்று ஆக்ஸிஜன் சிலிண்டர் நிறைந்திருக்கிறதா, ஆம்பு பேக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று நீங்களே தொட்டுப் பார்க்க வேண்டும். கரண்ட்டும் மெஷினும் கைவிட்டாலும் ஆம்பு பேக்கைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கலாம்.

ரெக்கவரியில் நிற்பவர் போனைப் பார்க்கக் கூடாது. குறட்டைச் சத்தம் கேட்டால் நல்ல தூக்கம் என்று விட்டுவிடுவது சகஜம். மயக்கம் தெளியாதவரின் குறட்டை என்றால் நாக்கு பின்னால் விழுந்து மூச்சுப்பாதையை அடைக்கிறது என்று அர்த்தம். தாடையைத் தூக்கிப் பிடித்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். நெஞ்சு ஏறி இறங்கியும் மூச்சுக் காற்றே வரவில்லை, சத்தமும் இல்லை என்றால் அது இன்னும் மோசம், பாதை முழுதும் அடைத்திருக்கிறது.

மாணவர்கள் தங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் வாரத்தில் தலைசுற்றி விழுகிற பிள்ளைகள் நிறையப் பேர். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காலையில் சாப்பிடாமல் தியேட்டருக்குள் வராதீர்கள். தலை சுற்றுகிற மாதிரி இருந்தால் மேஜையை விட்டு விலகிச் சுவரோரம் உட்கார்ந்துவிடுங்கள். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி 0, 1, 6 மாதம் என்று மூன்று தவணை. போஸ்டிங் தொடங்கும் முன்பே முதல் ஊசியைப் போட்டுவிட வேண்டும். நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி உங்கள் கையில் குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிதுக்க வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் சில மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். திட்டுவார்களோ என்று மறைத்து வைக்காதீர்கள்.

இனி பெற்றோருக்கு. இரண்டு அறையும் ஒரு பொம்மையும் வைத்துக்கொண்டு தியேட்டர் கோர்ஸ் நடத்தும் இடங்கள் நம் மாவட்டத்திலும் உண்டு. அப்படி ஓர் இடத்தில் படித்து வந்த பையன் ஒருவனைப் பார்த்தேன். சான்றிதழில் மதிப்பெண் எல்லாம் இருந்தது, உயிருள்ள நோயாளிக்கு பி.பி. பார்த்ததில்லை. குடும்பம் அதற்குக் கடன் வாங்கியிருந்தது. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

2021-ல் வந்த தேசிய துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தில் தியேட்டர், மயக்கவியல் தொழில்நுட்பப் பணிகளும் இடம்பெற்றிருக்கின்றன. அந்தச் சட்டம் துணை மருத்துவப் பணியாளருக்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பையும், பட்டம் பெற்ற நிபுணருக்கு 3,600 மணி நேரத்தையும் வைக்கிறது. ஆறு மாதச் சான்றிதழை வைத்து எதிர்காலத்தில் என்ன செய்ய முடியும் என்பதைப் பணம் கட்டும் முன் யோசித்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். வேலை நாளில் காலை எட்டு மணிக்குப் போய், மாணவர்கள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், அங்கே தினமும் எத்தனை ஆபரேஷன் நடக்கிறது, மயக்க மருத்துவர் முழு நேரம் இருக்கிறாரா என்று கேளுங்கள். இரண்டாம் வருட மாணவர் ஒருவரின் லாக் புக்கை, அதாவது தினமும் செய்து பழகியதை எழுதிவைக்கும் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். பயிற்சி வருடத்தில் உதவித்தொகை உண்டா, இரவு டியூட்டி என்றால் பெண் பிள்ளைகள் தங்க இடம் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பல்கலைக்கழகப் பட்டியலில் கல்லூரியின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. இந்தப் படிப்பின் பெயரும் அந்தக் கல்லூரிக்கு நேரே, இந்த வருடத்துக்கு இருக்க வேண்டும். வேறு படிப்புக்கு வாங்கிய அனுமதியைக் காட்டி இதற்கு ஆள் சேர்ப்பதும் நடக்கிறது.