கலிப்பர்: சப்பாத்துக் கட்டையிலிருந்து சில்லு வரை

கனடாவின் ஸ்காபரோவில் ஏப்ரல் பிறந்தால் பனிக்கால ரயரைக் கழற்ற வேண்டும். இந்த முறை பிக்கப்பின் முன்சில்லைக் கழற்றினால் உள்ளே கலிப்பர், அதாவது சில்லோடு சுழலும் தட்டை நெரித்து வண்டியை நிறுத்தும் பிறேக் பாகம், முழுக்கக் கறள். றோட்டில் கொட்டுகிற உப்பு வார்ப்பிரும்பை விட்டுவைக்காது. லைட் பிடித்துக்கொண்டு நின்ற திருச்சி நண்பர், "செம துரு" என்றார். அவருக்குத் துரு, எனக்குக் கறள். கலிப்பர் மட்டும் இரண்டு பேருக்கும் கலிப்பர்தான்.

சொல் எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தில் அது 'கலிபர்' என்ற சொல்லின் இன்னொரு வடிவம். கலிபர் என்றால் துப்பாக்கிக் குழாயின் உள்விட்டம். 16ஆம் நூற்றாண்டில் குழாயையும் குண்டையும் அளக்க வைத்திருந்த, கவராயம் போன்ற இரண்டு கால் கருவிக்கு இந்தப் பெயர் வந்தது. அதற்குப் பின்னால் பிரெஞ்சு, இத்தாலியம், அதற்கும் பின்னால் அரபியில் 'காலிப்', அதாவது அச்சு. அரபிக்கு அது கிரேக்கத்தின் 'காலோபூஸ்' என்பதிலிருந்து போனது என்பது பரவலாகச் சொல்லப்படும் வழி. சப்பாத்துத் தைப்பவர் உள்ளே வைத்துத் தைக்கும் கால் வடிவ மரக்கட்டைதான் காலோபூஸ். 'கால்' என்று தொடங்குகிறதே என்று உடனே தமிழ் வேர் தேடிப் புறப்பட வேண்டாம். அங்கே முதல் பாதிக்குப் பொருள் மரம். பின்பாதி 'பூஸ்'தான் பாதம்.

பிறேக்குக்கு இந்தப் பெயர் வந்தது உருவத்தால். பர்மிங்காமில் லான்செஸ்டர் என்ற பொறியியலாளர் 1902இல் தட்டு பிறேக்குக்குக் காப்புரிமை எடுத்தார். சுழலும் தட்டை இரண்டு பக்கத்தாலும் நெரித்து நிறுத்துவதுதான் அதன் சூட்சுமம். இன்றைய கலிப்பரும் தட்டின் விளிம்பைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அளக்கும் கருவி பொருளைக் கவ்வுவதுபோலவே. ஆனால் எதையும் அளப்பதில்லை.

தமிழில் சிக்கல் இங்கேதான். அளக்கும் கலிப்பருக்குத் தமிழ்நாட்டுப் பாடப் புத்தகத்தில் 'வெர்னியர் அளவி'. அழகான சொல், ஆனால் வேலையை மட்டும் சொல்கிறது. பிறேக்கில் போய் அளவி என்றால் பொருந்தாது. இலங்கையில் நாங்கள் படித்தது 'வேணியர் இடுக்கிமானி'. இதில் உருவமும் இருக்கிறது, வேலையும் இருக்கிறது. மானியைக் கழற்றி வைத்துவிட்டால் மிஞ்சுவது இடுக்கி. அடுப்பிலிருந்து சட்டி இறக்குகிற அதே இடுக்கி. ஆகவே என் வாக்கு 'பிறேக் இடுக்கி'க்கு. முழுத் தமிழ் வேண்டுமென்றால் 'தடுப்பு இடுக்கி'. ஊர்ப் பெருமையில் சொல்கிறேன் என்று நண்பர் சிரித்தார். கொஞ்சம் உண்மைதான்.

பின்சில்லில் தட்டு இல்லை, இருப்பது டிரம் பிறேக். அதன் பெயருக்காக நான் சண்டை பிடிக்க மாட்டேன். உருளை என்பார்கள், கையில் எடுத்துப் பார்த்தால் கவிழ்த்த சட்டி மாதிரித்தான் இருக்கும். அதற்குள் விரிந்து உரசும் வளைந்த துண்டுக்கு ஆங்கிலத்தில் 'ஷூ' என்று பெயர். எங்கள் ஊரில் ஷூ என்றால் சப்பாத்து, அதுவும் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். முன்சில்லில் சப்பாத்துக் கட்டையின் பேரப்பிள்ளை, பின்சில்லில் சப்பாத்தே! தமிழ்நாட்டில் சைக்கிளுக்குப் 'பிரேக் கட்டை' என்று சொல்வார்கள் என்று நண்பர் சொன்னதும் எனக்கு அந்த மரக்கட்டைதான் நினைவுக்கு வந்தது.

சரி, இனி கறள் பிடித்ததற்குப் பெயின்ற் அடிக்கும் வேலை. கம்பித் தூரிகையால் கறளைச் சுரண்டி, பிறேக் கிளீனரால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, நன்றாகக் காயவிட்டோம். சூடு தாங்கும் பெயின்ற்தான் அடிக்க வேண்டும். சாதாரணப் பெயின்ற் நாலு இறக்கத்தில் கருகி உரிந்துவிடும். இடுக்கிக்கு வெளிமேனி மட்டும். தட்டின் முகம், பிஸ்டனைச் சுற்றிய இறப்பர், இடுக்கி சறுக்கி நகரும் ஊசிகள், பிறேக் குழாயிலிருந்து காற்று எடுக்கும் நிப்பிள் எல்லாவற்றையும் டேப் ஒட்டி மூடினோம். டிரம்முக்கும் வெளிப்பக்கம்தான். உள்ளே சப்பாத்து உரசுகிற இடத்தில் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது, சில்லு வந்து பொருந்துகிற முகத்திலும் தடிப்பாக அடிக்கக்கூடாது.

நண்பர் சிவப்பு வாங்கி வந்திருந்தார். நான் கறுப்பு. முன்னுக்கு இடுக்கி இரண்டும் சிவப்பு, பின்னுக்கு டிரம் இரண்டும் கறுப்பு என்று முடிந்தது.