பேச்சுச் சிகிச்சை மேற்படிப்பு: தென்னாப்பிரிக்காவில் உதவித்தொகை எங்கே கிடைக்கும்?

பேச்சுச் சிகிச்சைக்கும் செவித்திறன் இயலுக்கும் உதவித்தொகை உண்டா என்று இணையத்தில் தேடினால் அமெரிக்கச் செய்திகள்தான் வந்து குவியும். அங்கே பேச்சுச் சிகிச்சையாளர் ஆக முதுகலைப் பட்டமும், செவித்திறன் வல்லுநர் ஆக முனைவர் நிலைப் பட்டமும் வேண்டும். அதனால் உதவியும் மேற்படிப்பைச் சுற்றியே இருக்கும். நம் ஊர்க் கணக்கு வேறு. டர்பனில் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் நான்கு ஆண்டு இளநிலைப் பட்டம் முடித்து, சுகாதாரத் தொழில்களுக்கான பதிவு மன்றமான எச்.பி.சி.எஸ்.ஏ.யில் பதிவு செய்து, ஓராண்டு சமூக சேவைப் பணி பார்த்தால் தொழிலுக்கு வந்துவிடலாம். அரசுப் பணமும் பெரும்பாலும் அந்த முதல் பட்டத்துக்கே போகிறது.

அந்தப் பணத்தின் பெயர் என்எஸ்ஃபாஸ், அதாவது தேசிய மாணவர் நிதியுதவித் திட்டம். வீட்டின் மொத்த ஆண்டு வருமானம் 350,000 ராண்டுக்குள் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளி மாணவருக்கு 600,000 வரை. 2018இல் இருந்து புதிதாகச் சேர்வோருக்கு இது கடன் அல்ல, திருப்பித் தர வேண்டாம். ஆனால் "தங்கச்சி இளநிலையை என்எஸ்ஃபாஸில் படித்தாள், முதுகலைக்கும் அதுவே வரும்" என்று நினைத்திருந்தால், வராது.

முதுகலைக்குப் போக வேண்டிய இடம் என்.ஆர்.எஃப், அதாவது தேசிய ஆய்வு அறக்கட்டளை. நம் நான்கு ஆண்டுப் பட்டம், தேசியத் தகுதி வரிசையில் ஹானர்ஸுக்கு (இளநிலைக்குப் பின் படிக்கும் ஓராண்டுப் பட்டம்) சமமான எட்டாம் நிலை என்பதால், இடையில் ஹானர்ஸ் படிக்கத் தேவையில்லை, நேராக முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம். குறைந்தது 65 விழுக்காடு மதிப்பெண் கேட்பார்கள். முழுச் செலவு உதவி என்றால் கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் அதில் அடங்கும். அது வருமானம் 350,000 ராண்டைத் தாண்டாத வீட்டுப் பிள்ளைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், மிகச் சிறந்த மதிப்பெண் பெற்றவர்களுக்கும். மற்றவர்களுக்குப் பகுதி உதவி. முதுகலைக்கு இரண்டு ஆண்டு, முனைவர் பட்டத்துக்கு மூன்று ஆண்டு தருவார்கள்.

பலரை வழுக்கிவிடுவது வயது வரம்பு. விண்ணப்பிக்கும் ஆண்டில் முதுகலைக்கு 30, முனைவருக்கு 32 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்ததும் சேர்ந்தவர் சமூக சேவை ஆண்டையும் முடிக்கும்போது 23 வயதளவில் இருப்பார். அதன் பிறகு வேலை, கல்யாணம், வீட்டுக் கடன் என்று ஏழு வருஷம் ஓடுவது தெரியவே தெரியாது. ஆஸ்பத்திரியில் சில வருஷம் கைபழகி, நோயாளிகளைப் பார்த்த பிறகுதான் நல்ல ஆய்வுக் கேள்வியே பிறக்கும் என்பது என் எண்ணம். பக்கவாதம் வந்தபின் ஆங்கிலம் வாய்க்கு வராமல், சிறுவயதுத் தமிழ் மட்டும் துண்டு துண்டாக வந்த வயதான ஆயாக்களை டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர்களை எப்படிச் சோதிப்பது என்று கேட்கத் தோன்றும் வயதில் இந்தக் கதவு மூடிக்கொண்டிருக்கும்.

வேலையில் இருப்பவர்கள் ஹெச்.டபிள்யூ.செட்டா என்ற சுகாதார, நலத் துறைப் பயிற்சி ஆணையத்தின் பர்சரி (படிப்பு உதவித்தொகை) அறிவிப்புகளைப் பார்க்கலாம். மாகாண சுகாதாரத் துறையும் பர்சரி தருவதுண்டு. ஆனால் எத்தனை ஆண்டு பணம் வாங்கினீர்களோ அத்தனை ஆண்டு அரசு மருத்துவமனையில் உழைத்துக் கழிக்க வேண்டும். கையெழுத்துப் போடுமுன், படித்து முடித்த பிறகு காலிப் பணியிடம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள். சும்மா கிடைக்கிறது என்ற அவசரத்தில் அந்த வரியை யாரும் பார்ப்பதில்லை.

வரி பற்றியும் கேட்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையத்தில் படிப்பதற்கென்றே தரும் உண்மையான உதவித்தொகைக்கு, வருமான வரிச் சட்டத்தின் 10(1)(கியூ) பிரிவில் விலக்கு உண்டு. முதலாளி தன் ஊழியருக்குத் தரும் பணமாக இருந்தால் கூடுதல் நிபந்தனைகள் உண்டு.

என்.ஆர்.எஃப் விண்ணப்பம் படிப்பு தொடங்கும் ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் நடுவிலேயே மூடிவிடும். பல்கலைக்கழகம் தானே சரிபார்த்து அனுப்ப வேண்டியிருப்பதால், அதன் உள் கெடு அதற்கும் முன்னால் வரும். அதற்குள் வழிகாட்டிப் பேராசிரியர் ஒருவரைப் பேசி வைத்திருக்க வேண்டும்.