தலைக்கு மேல் திரும்ப வேண்டிய பட்டம்

ஒரு கல்லை நேர் மேலே 25 மீற்றர் உயரத்துக்கு எறிய வேண்டுமானால், கையை விட்டுப் புறப்படும்போது அதற்கு மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர் வேகம் இருக்க வேண்டும். கைட் போர்டிங் விளையாட்டில், பலகையில் நின்றபடி பட்டத்தால் இழுக்கப்பட்டுக் கடல்மேல் விரையும் ஒருவர், பாயப்போகும் கணத்தில் அந்த வேகத்தை எட்டுவதில்லை. இருக்கிற வேகமும் கிடையாகத்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் 2017 பெப்ரவரியில் டென்மார்க் வீரர் நிக் ஜேக்கப்சன் கேப்டவுன் கடலில் 28.6 மீற்றர் உயரம் பாய்ந்தார். பலகையில் பொருத்திய சிறு ஆர்முடுகல் மானி பதிவுசெய்த உயரம் அது. அதன் பின் சில ஆண்டுகளிலேயே சாதனை 35 மீற்றரைத் தாண்டிவிட்டது. கால்வலுவும் ஓட்டவேகமும் தர முடியாத இந்த உயரம் எங்கிருந்து வருகிறது?

'பிக் எயர்' என்று அழைக்கப்படும் இந்தப் பிரிவு, கைட் போர்டிங்கில் உயரத்துக்கும் துணிவுக்கும் உரியது. அதைப் பற்றித் தமிழில் எழுதுவதற்கு மன்னாரைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று இடைவிடாமல் வீசும் கரை இது. மாரிக்குப் பின் வாடையும் தன் பங்கைத் தருகிறது. தலைமன்னாருக்கு அப்பால் நீளும் மணல் தீடைகளின் ஓரத்தில், அலை உடைந்து அடங்கிய தட்டையான நீரில், வண்ணப் பட்டங்கள் பறப்பதைப் பல ஆண்டுகளாகப் பார்க்கிறோம். பறக்கவிடுகிறவர்களில் பெரும்பாலானோர் வெளிநாட்டவர். பட்டத்தைப் பற்றிய அறிவோ நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. பட்டம் கட்டிய எவருக்கும் முச்சை, அதாவது பட்டத்தைப் பறக்கவிடும் நூலோடு இணைக்கும் நூற்கட்டு, என்றால் என்னவென்று தெரியும். மேல் நூலைச் சற்றுக் குறுக்கினால் பட்டம் படுத்து மெல்ல இழுக்கும். நீட்டினால் நெஞ்சை நிமிர்த்திக் காற்றை முழுதாக வாங்கி, நூலை அறுக்கப் பார்க்கும்.

கைட் போர்டிங் பட்டமும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். நம் பட்டத்தின் முச்சையைத் தரையில் வைத்து ஒருமுறை கட்டிவிட்டால் அவ்வளவுதான். அவர்களோ பறந்துகொண்டிருக்கும்போதே முச்சையை மாற்றுகிறார்கள். பட்டத்திலிருந்து நான்கு நூல்கள் வருகின்றன. முன்னிரண்டும் இடுப்பில் கட்டிய வாரில் கொளுவப்பட்டு முழுப் பாரத்தையும் சுமக்கின்றன. பின்னிரண்டும் கையில் பிடித்த தண்டின் இரு முனைகளுக்கும் போகின்றன. தண்டை நெஞ்சை நோக்கி இழுத்தால் பட்டத்தின் பின்விளிம்பு இறங்கி இழுவை கூடும். தள்ளினால் குறையும். ஒரு பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் திரும்பும்.

இனி பாய்ச்சலுக்கு வருவோம். காற்றின் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு. உயரத்தின் இரகசியம் முழுவதும் இந்த வர்க்கத்தில்தான் இருக்கிறது. மணிக்கு 65 கிலோமீற்றர் காற்றில், அதாவது செக்கனுக்கு 18 மீற்றரில், 9 சதுர மீற்றர் பட்டம் அசையாமல் நின்றால் குத்துமதிப்பாக 175 கிலோகிராம் எடைக்குச் சமமாக இழுக்கும். அதே பட்டத்தைக் காற்றுக்குக் குறுக்காகச் செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் வெட்டி ஓடவிட்டால், பட்டம் உணரும் காற்று செக்கனுக்கு ஏறத்தாழ 27 மீற்றராகிறது. இழுவை 400 கிலோகிராமை எட்டுகிறது. கடலில் வீசும் காற்று கூடவில்லை, பட்டமும் பெருக்கவில்லை. பட்டம் தன் ஓட்டத்தாலேயே தனக்கான காற்றை உண்டாக்கிக்கொண்டது.

பாய்கிறவர் செய்வது இதைத்தான். முதலில் பலகையின் விளிம்பை நீரில் ஆழப் பதித்து, பின்காலை ஊன்றி, இழுவைக்கு எதிராகச் சாய்கிறார். நூல்கள் விறைத்துக்கொள்கின்றன. பிறகு முன்புறம் பறந்த பட்டத்தைத் தலைக்கு மேலாகப் பின்புறத்துக்கு விரட்டுகிறார். அது உச்சியைக் கடக்கும் கணத்தில் தண்டை இழுத்து, பதித்த விளிம்பை விடுவிக்கிறார். ஓர் அரைச் செக்கன் முந்தினால் பட்டம் அவரைக் கிடையாக இழுத்துச் செல்லும். பிந்தினால் விசை கடந்துபோய்விடும். சரியாக வாய்த்தால் அதுவரை கிடையாகப் போன உடல் மேல்நோக்கித் திரும்புகிறது, ஏறும் வழியெங்கும் பட்டம் தூக்கிக்கொண்டே இருக்கிறது. எறிந்த கல்லுக்கு இந்த உதவி இல்லை. அதனால்தான் தொடக்கத்தில் போட்ட கணக்கு இங்கே பொருந்தாமல் போகிறது. இறங்கும்போதும் பட்டம் தலைக்கு மேல் நின்று தாங்குகிறது.

உயரம் மட்டுமே போதுமென்றால் கதை இத்துடன் முடிந்திருக்கும். போட்டி நடுவர்கள் உயரத்தோடு துணிவையும் நுட்பத்தையும் சேர்த்துத்தான் மதிப்பிடுகிறார்கள். உச்சியில் இருக்கும்போது, தன்னைத் தாங்கிக்கொண்டிருக்கும் பட்டத்தையே முழு வட்டமாகச் சுழற்றிக் கீழிறக்கி மீண்டும் மேலே கொண்டுவர வேண்டும். இதற்கு லூப் என்று பெயர். பெரிய லூப்பை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர்களில் முதன்மையானவர் நெதர்லாந்தின் ரூபன் லென்டன். வட்டத்தின் அடிப்பாகத்தில் பட்டம் பறப்பவருக்குச் சமமாகவோ அவர் காலுக்குக் கீழாகவோ போகும். அந்தக் கணத்தில் மேலே தாங்க எதுவுமில்லை. அசுர வேகத்தில் காற்றோடு கிடையாக இழுபடுகிறார்.

இந்தச் சுழற்சியின் வலிமையைப் புரிந்துகொள்ள மன்னார்த் தீவின் தென்கரையில் நிற்கும் காற்றாலைகளைப் பார்க்கலாம். 2020 இறுதியில் இயங்கத் தொடங்கிய அந்த 30 காற்றாலைகளைப் பற்றித் தீவு மக்களுக்கு இருக்கும் கவலைகள் நியாயமானவை, தனியே எழுதப்பட வேண்டியவை. இங்கே அவற்றின் இறக்கை நுனி மட்டும் போதும். இறக்கையின் வெளிப்புற மூன்றிலொரு பாகம்தான் சுழலும் வட்டப் பரப்பின் பாதிக்கு மேல் துழாவுகிறது. வேகமாக ஓடுவதும் நுனிதான். லூப் போடும் பட்டம், கோபுரமும் அச்சும் இல்லாமல் பறக்கும் இறக்கை நுனி. கோபுரத்துக்குப் பதிலாக நூலின் மறுமுனையில் தொங்குவது ஒரு மனிதர்.

அபாயமும் அங்கேதான் இருக்கிறது. காற்றாலையின் கோபுரம் அசைவதில்லை. மனிதரோ இழுபட்ட திசைக்கே ஓடுகிறார். ஓட ஓடப் பட்டம் உணரும் காற்று குறைகிறது, நூல் தளர்கிறது. தளர்ந்த நூலால் பட்டத்தைத் திருப்ப முடியாது. வட்டத்தை முடித்து அது தலைக்கு மேல் வந்துசேர முன்பு அவர் கீழே வந்துவிட்டால், தாங்க ஒன்றுமில்லை. 20 மீற்றரிலிருந்து வெறுமனே விழுந்தால் நீரைத் தொட இரண்டே செக்கன் போதும். தொடும்போது மணிக்கு 70 கிலோமீற்றர் வேகம் இருக்கும். அந்த வேகத்தில் நீர் இளகிக் கொடுக்காது. இந்த விளையாட்டில் கோமா நிலைக்குப் போய் மீண்டவர்கள் இருக்கிறார்கள். தலைக்கவசமும் மோதல் தாங்கும் அங்கியும் அணியாமல் ஒருவர் லூப் போடுவதைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. இடுப்பு வாரிலிருந்து பட்டத்தை ஒரே தள்ளலில் கழற்றிவிடும் பிடிக்கு 2020இல் ஐ.எஸ்.ஓ. 21853 என்ற தரநிலை வந்ததை, எந்தச் சாதனையையும்விடப் பெரிய செய்தியாகவே கருதுகிறேன்.

ஆக, எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: பட்டம் எவ்வளவு விரைவாகத் தலைக்கு மேல் திரும்புகிறது? அண்மைக் காலத்தில் உபகரணங்களில் நடந்த மாற்றங்களில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்கான பதில்தான்.

நீரில் விழுந்தாலும் மீண்டும் எழும் ஊதுபட்டத்துக்கு பிரான்ஸின் பிரித்தானி கரையைச் சேர்ந்த புரூனோ, தொமினிக் லெகெய்னூ சகோதரர்கள் 1984இல் காப்புரிமை பெற்றார்கள். முன்விளிம்பில் காற்றடைத்த ஒரு குழாய், அதிலிருந்து பின்நோக்கி மூன்று அல்லது ஐந்து விலாக் குழாய்கள். இன்றும் அடிப்படை அதுவே. பம்ப் அடித்து முடித்ததும் முன்குழாயை விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். 'டிங்' என்று ஒலித்தால் போதிய அமுக்கம் இருக்கிறது. 'டப்' என்று மந்தமாக ஒலித்தால் இன்னும் அடிக்க வேண்டும்.

அந்தக் குழாய் தடிப்பாக இருந்தால் காற்றைத் தடுத்துப் பட்டத்தை மெதுவாக்கும். மெல்லியதாக இருந்தால் பட்டம் விரையும். அப்படியானால் மெலிதாக்கிவிடலாமே? குழாய் வளைந்து மடியாமல் தாங்கும் வலு, அமுக்கத்தையும், ஆரையை அதனாலேயே மும்முறை பெருக்கி வரும் எண்ணையும் பொறுத்தது. ஆரையை ஐந்திலொரு பங்கு குறைத்தால் வலு ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஈடுசெய்ய அமுக்கத்தை இரு மடங்காக்க வேண்டும். டேக்ரன் எனப்படும் வழக்கமான பொலியெஸ்டர் துணி அதைத் தாங்காது. நாளடைவில் இழுபட்டு உருக்குலையும். நடு லூப்பில் குழாய் மடிந்தால் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்தச் சிக்கலை அவிழ்த்தது பொலித்தீன். சந்தையில் மீன் கட்டித் தரும் பையின் அதே மூலக்கூறுதான், சங்கிலி மட்டும் மிகமிக நீளமானது. இழையாக இழுக்கும்போது சங்கிலிகள் யாவும் ஒரே திசையில் அடுக்கப்படுவதால், எடைக்கு எடை உருக்கைவிடப் பல மடங்கு வலு கிடைக்கிறது. பட்டத்தின் நூல்கள் வெகுகாலமாக இந்த இழையில்தான் செய்யப்படுகின்றன. கனடாவின் அலுலா நிறுவனம் இழையையும் மென்படலத்தையும் பசையில்லாமல் ஒன்றாக்கித் துணியாக்கியது. 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது பட்டங்களின் குழாய்களுக்கு வந்தது. இப்போது முன்னணி நிறுவனங்கள் பலவற்றின் உயர்தரப் பட்டங்கள் அலுலாவிலோ அதற்குப் போட்டியாக வந்த துணிகளிலோ தைக்கப்படுகின்றன. குழாய் விறைப்பாக நிற்கிறது, மெலிகிறது, எடையும் குறைகிறது. எடை குறைந்த பட்டம், நூல் தளர்ந்த கணத்திலும் கீழே சரியாமல் மிதந்து நின்று, அடுத்த காற்றைப் பிடித்து விரைவாக மேலேறுகிறது.

விளைவைப் போட்டிகளில் கண்ணாரக் காணலாம். கேப்டவுனின் புளூபெர்க் கரையில் நடக்கும் ரெட் புல் கிங் ஒஃப் த எயர் போட்டியில் ஒரு காலத்தில் ஒற்றை லூப் வெற்றியைத் தேடித் தந்தது. இப்போது ஒரே பாய்ச்சலில் இரட்டை லூப் சாதாரணமாகிவிட்டது, மூன்றாவதும் வந்துவிட்டது. இத்தாலியின் லொரென்ஸோ காசாட்டி, அந்திரேயா பிரிஞ்சிபி, நெதர்லாந்தின் ஜேமி ஓவர்பீக் போன்ற இளைஞர்கள் லூப்புக்கு நடுவே பலகையைக் காலிலிருந்து கழற்றிச் சுழற்றி மீண்டும் மாட்டுகிறார்கள். பெண்களுக்கும் அங்கே தனிப்பிரிவு வந்திருக்கிறது, எப்போதோ வந்திருக்க வேண்டியது அது. நூலின் நீளத்தைப் பற்றிய வாதம் மட்டும் ஓயவில்லை. நீளமான நூலில் பட்டம் நெடுந்தூரம் ஓடி உயரம் தரும், ஆனால் வட்டம் பெரிதாகித் திரும்பத் தாமதமாகும். குட்டை நூல் இதற்கு நேர்மாறு.

இந்த விலையுயர்ந்த பட்டம் மன்னாரில் பழகத் தொடங்கும் ஒருவருக்கு அவசியமா? இல்லை என்பதே என் உறுதியான கருத்து. புதிய துணியின் பயன் மூன்றாவது லூப்பில்தான் தெரியும். முதல் ஐந்து மீற்றர் பாய்ச்சலுக்குப் பழைய டேக்ரன் பட்டம் தாராளமாகப் போதும். அதைவிட அவசியமானது இடம். பட்டம் பறக்கும் இடத்திலிருந்து நூலின் நீளத்தைப் போல் இரு மடங்குக்குக் காற்றின் கீழ்ப்பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும். வாடிகளும் மின்கம்பிகளும் கரைவலை இழுப்பவர்களும் உள்ள கரையில் அந்த வெறுமை தானாகக் கிடைக்காது. விறைத்த நூல் கத்தியைப் போல் வெட்டும். கரைவலையின் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் முதலில் பேசி, வலை வளைக்காத நேரத்தையும் இடத்தையும் அறிந்துகொண்டு இறங்குவதே முறை. கடல் அவர்களுடைய பிழைப்பு.

பட்டத்தின் அளவைத் தெரிவுசெய்யும்போது ஐரோப்பிய அட்டவணையை அப்படியே நம்பவும் கூடாது. காற்றின் அடர்த்தி வெப்பநிலை ஏற ஏறக் குறைகிறது. 5 பாகைக் குளிரில் டென்மார்க்கில் வீசும் காற்றைவிட, 32 பாகை வெயிலில் மன்னாரில் அதே வேகத்தில் வீசும் காற்று ஏறத்தாழ 9 சதவீதம் குறைவாகவே இழுக்கும். அங்கே 9 சதுர மீற்றர் பட்டம் செய்கிற வேலைக்கு இங்கே 10 சதுர மீற்றர் வேண்டும்.