கோரையைப் பிடுங்குவதும் கணினியைத் துப்புரவாக்குவதும்

மாங்குளத்தில் தொடர்பாடல் நிலையம் வைத்திருக்கும் தம்பி ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன் மடிக்கணினியை யூரியாப் பையில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார். எங்கள் கிரவல் ஒழுங்கையின் புழுதிக்கு அதைவிட நல்ல உறை கிடையாது. கணினியை இயக்கி இரண்டு நிமிடம் ஆகவில்லை, உள்ளே காற்றாடி அலறத் தொடங்கிவிட்டது. திரையில் ஒரு நிரலும் திறந்திருக்கவில்லை.

“அண்ணை, அதை நான் அன்றைக்கே அழித்துவிட்டேனே” என்றார்.

‘அது’ என்று அவர் சொன்னது ஒரு படத் திருத்த மென்பொருளை. அடையாள அட்டைப் படம், கல்யாண ஆல்பம் என்று கடைக்கு வரும் வேலைகளுக்காக இணையத்தில் தேடி இறக்கியிருக்கிறார். காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளின் பூட்டை யாரோ உடைத்து இலவசமாகப் போட்டிருந்தார்கள். பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய சிப் (zip) கோப்பாக வந்ததாம், திறக்கக் கடவுச்சொல் 1234. கூடவே ஒரு குறிப்பு: நிறுவும்போது வைரஸ் காப்பை நிறுத்திவிடுங்கள், அது வீணாக எச்சரிக்கும். தம்பி நிறுத்தினார். மென்பொருளும் குறையில்லாமல் வேலை செய்தது. ஒரு வாரம் கழித்து அவருடைய பேஸ்புக் கணக்கிலிருந்து யார் யாருக்கோ செய்திகள் போகத் தொடங்கியபோதுதான் பயந்துபோய் அந்தக் கோப்புறையை அழித்திருக்கிறார்.

அந்தக் கடவுச்சொல்லும் குறிப்பும் இருக்கின்றனவே, அவற்றில்தான் முழுச் சூட்சுமமும் இருக்கிறது. கடவுச்சொல் போட்டுப் பூட்டிய சிப் கோப்பின் உள்ளடக்கம் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். வைரஸ் காப்பு மென்பொருளால் அதற்குள் எட்டிப் பார்க்க முடியாது. பூட்டைத் திறந்தபின் பார்க்கலாம் என்றால், அதற்குள் வீட்டுக்காரரே காவல்நாயைக் கட்டிப்போட்டுவிடுகிறார். கள்ளன் கதவை உடைக்க வேண்டிய தேவையே இல்லை. பூட்டுடைத்த மென்பொருளுக்கும் வைரஸுக்கும் உள்ள உறவு பழையதும்கூட. 1986இல் ஐபிஎம் வகைக் கணினிகளில் முதன்முதலாகப் பரவிய ‘பிரெய்ன்’ வைரஸை எழுதியவர்கள் லாகூரில் மென்பொருள் விற்ற இரு சகோதரர்கள். தங்கள் மருத்துவ மென்பொருளைத் திருட்டுப் பிரதி எடுப்பவர்களுக்காகவே எழுதினோம் என்றார்கள். தங்கள் பெயரையும் கடை முகவரியையும் தொலைபேசி எண்ணையும் நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். இன்றைக்கு இதை எழுதுபவர்களிடம் அந்த நேர்மையை எதிர்பார்க்க முடியாது.

எல்லோரும் வைரஸ் என்றுதான் சொல்கிறோம். தன்னைத்தானே பிரதியெடுத்து வேறு கோப்புகளில் ஒட்டிக்கொள்வதுதான் வைரஸ். தம்பியின் கணினிக்குள் புகுந்தது, நல்ல மென்பொருளின் முதுகில் ஏறி வந்த வேறு இனம். இரண்டையும் சேர்த்துத் தீம்பொருள் என்று சொல்லிக்கொள்வோம்.

நிறுவும்போது ‘இந்த நிரல் உங்கள் கணினியில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா?’ என்று விண்டோஸ் கேட்கும். ஆம் என்று அழுத்திய அந்தக் கணத்தில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒரு கை, கேட்ட மென்பொருளை அதற்குரிய கோப்புறையில் வைக்கிறது. மற்றக் கை, கேளாத ஒன்றைக் கண்ணுக்குப் படாத வேறொரு கோப்புறையில் கொண்டுபோய்ப் பதிக்கிறது. முதல் கை வைத்ததை அழித்தால் இரண்டாவது கை வைத்ததற்கு ஒரு கீறலும் விழாது. வயலில் கோரை பிடுங்கியவர்களுக்கு இது விளங்கும். மேலே தெரியும் புல் கையோடு வந்துவிடும். மண்ணுக்குள் கிழங்கு கிழங்காகக் கோத்துக்கொண்டு கிடப்பது அப்படியே இருக்கும். அடுத்த மழைக்கு முதலில் தலை காட்டுவதும் அதுதான்.

முதல் வேலையாக வைஃபையை நிறுத்தினேன். உள்ளே இருப்பது வெளியே உள்ள தன் எசமானிடம் கட்டளை வாங்கும், திருடியதை அனுப்பும், புதிய கூட்டாளிகளை இறக்கும். மூன்றுக்கும் இணையம் வேண்டும்.

பிறகு, ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைப் பட்டியலிட்டுக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். திறந்ததும் காற்றாடி அடங்கிவிட்டது. மூடினேன், அரை நிமிடத்தில் மறுபடி அலறல். தம்பி சிரித்துவிட்டார். வகுப்பில் ஆசிரியர் தலை காட்டியதும் அமைதியாகிவிடும் பிள்ளைகளைப் போல, யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் சும்மா இருக்கும்படி எழுதப்பட்ட தீம்பொருள்கள் உண்டு. அடுத்தவருடைய மின்சாரத்திலும் செயலியிலும், இணையத்தில் மட்டும் புழங்கும் மறைநாணயத்துக்கான கணக்குகளைப் போட்டு எங்கோ இருப்பவருக்குக் காசு சேர்க்கும் வகை இது. இரவு பகலாக ஓடினால் மின்சாரக் கட்டணம் ஏறும், மின்கலம் ஊதும், காற்றாடி தேயும்.

அமைதியாகத்தான் இருந்ததே தவிர, பட்டியலிலிருந்து அது மறையவில்லை. ‘எஸ்விசிஹோஸ்ட்’ என்ற பெயரில் பத்துப் பன்னிரண்டு வரிகள் இருந்தன. பின்னணிச் சேவைகளை நடத்த அந்தப் பெயரில் பல இருப்பது விண்டோஸில் வழமை. ஒவ்வொன்றாக வலது சொடுக்கி, கோப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தோம். எல்லாம் விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறையைக் காட்டின. ஒன்று மட்டும் தம்பியின் பெயரிலுள்ள கோப்புறைக்குள், ஆப்டேட்டாவுக்குள், மறைக்கப்பட்ட ஓரிடத்தைக் காட்டியது. பெயர் அரச உத்தியோகத்தருடையது, விலாசம் மட்டும் காட்டுக்குள்.

அதை நிறுத்தி, கோப்பையும் அழித்தேன். மனைவி வைத்துவிட்டுப் போன தேநீர் ஆறுவதற்குள் அதே பெயர் பட்டியலில் திரும்ப வந்து உட்கார்ந்தது.

தீம்பொருளின் உயிர் அதன் கோப்பில் இருப்பதில்லை. யாரோ அதை எழுப்பிவிடுகிறார்கள். கணினி தொடங்கும்போது எதையெல்லாம் எழுப்ப வேண்டும் என்று விண்டோஸ் பல இடங்களில் குறித்து வைத்திருக்கிறது. விண்டோஸின் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘ரன்’ என்ற பகுதி, ஸ்டார்ட்அப் கோப்புறை, பின்னணிச் சேவைகள், உலாவியின் நீட்சிகள், எல்லாவற்றுக்கும் மேலாக டாஸ்க் ஷெட்யூலர். ஷெட்யூலர் ஒரு நல்ல வேலைக்காரன். குறித்த நேரத்தில் குறித்த நிரலை எழுப்பிவிடுவான், யார் குறித்தார்கள் என்று கேட்க மாட்டான். தம்பியின் கணினியில் பிரபல உலாவியொன்றின் ‘அப்டேட்’ என்ற பெயரில் ஒரு பதிவு இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார், கோப்பு இல்லையென்றால் இந்த ஒளித்துவைத்த பிரதியிலிருந்து எடுத்துப் போடு, பிறகு ஓடவிடு: அவ்வளவுதான் அதில் எழுதியிருந்தது. கோரையின் கிழங்கு அதுதான். அந்தப் பதிவு, ஒளித்துவைத்த பிரதி, ஓடும் நிரல் மூன்றும் சேர்ந்து போக வேண்டும். தேடும் இடங்கள் ஏராளம் என்பதால் இந்த வேலைக்கு ‘ஆட்டோரன்ஸ்’ என்ற இலவசக் கருவியை வைத்துக்கொள்வேன். தானாகத் தொடங்கும் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் கொட்டிவிடும்.

சரி, வைரஸ் காப்பு என்ன செய்துகொண்டிருந்தது? தம்பி அதைத் திரும்ப இயக்கி, முழுச் சோதனையும் செய்திருக்கிறார். ‘ஆபத்து எதுவும் இல்லை’ என்று வந்ததாம். விண்டோஸின் டிஃபெண்டர் பொய் சொல்லவில்லை. அதற்குள் ‘விலக்குப் பட்டியல்’ என்று ஒன்று இருக்கிறது. இந்தக் கோப்புறைகளைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவைக்கும் இடம். திறந்தால் ஒரே ஒரு பதிவு: சி டிரைவ், முழுவதும். அன்றைக்கு ஆம் என்று அழுத்திக் கொடுத்த அனுமதியை வைத்து இதையும் செய்து முடித்திருக்கிறார்கள். கண்ணைக் கட்டிவிட்டு, ஏதாவது தெரிகிறதா என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்? கணினிக்கு வைத்தியம் பார்க்கும் பலர் இந்த இடத்தைத் திறந்தே பார்ப்பதில்லை. நானும் சில வருடங்களுக்கு முன்வரை பார்த்ததில்லை.

பட்டியலை வெறுமையாக்கியபின் ‘ஆஃப்லைன்’ சோதனையைத் தேர்ந்தெடுத்தேன். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள் இருந்துகொண்டு தேடுவதில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. இந்தக் கோப்புறையில் என்னென்ன இருக்கிறது என்று சோதனை மென்பொருள் விண்டோஸிடம்தான் கேட்கிறது. ஆழமாக இறங்கிய தீம்பொருள், அந்தக் கேள்வியை வழியில் மறித்துத் தன் பெயரை மட்டும் உருவிவிட்டுப் பதிலை அனுப்பும். ஆஃப்லைன் சோதனையில் கணினி மறுபடி தொடங்கும்போது வழமையான விண்டோஸ் எழும்புவதேயில்லை. சிறிய தனிச் சூழல் ஒன்று எழும்பி, வன்தட்டை வெளியிலிருந்து பார்க்கிறது. அப்போது தீம்பொருள் ஓடாது, வெறும் எழுத்தாகக் கிடக்கும். கிடப்பது மறைக்கவும் மாட்டாது, மறிக்கவும் மாட்டாது. கால் மணி நேரம் அளவில் முடிந்துவிடும். மின்கலம் நலிந்த கணினியென்றால் கரன்ட் போகாத நேரமாகப் பார்த்துத் தொடங்குவது நல்லது.

சோதனை எதை வைத்துத் தீம்பொருளை அடையாளம் காண்கிறது? முன்பே பிடிபட்டவற்றின் கைரேகைகளை வைத்து. ஒரு கோப்பு எவ்வளவு பெரிதானாலும் கணக்குப் போட்டு 64 எழுத்தும் இலக்கமும் கொண்ட ரேகையாகச் சுருக்க ஒரு முறை உண்டு. கோப்பில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் ரேகை முழுவதும் மாறிவிடும். தீம்பொருள் எழுதுபவர்களுக்கும் இது தெரியும், ஆகவே ஒவ்வொரு தடவையும் சிறிது மாற்றிப் பொதி கட்டி அனுப்புகிறார்கள். அதனால் இப்போதைய காப்பு மென்பொருள்கள் நடத்தையையும் பார்க்கின்றன: இந்தப் படத் திருத்த மென்பொருளுக்கு விலக்குப் பட்டியலில் என்ன வேலை? உலாவியின் கடவுச்சொல் கோப்பை இது ஏன் திறக்கிறது? ஊருக்குப் புதிதாக வந்தவரைப் படலைக்குள் நின்று பார்க்கும் ஆச்சிமார் கேட்கும் கேள்விகள்தான்.

நான்கு கோப்புகள் பிடிபட்டன. தம்பி கணினியைப் பையில் வைக்கப் பார்த்தார். உட்காரும், பெரிய வேலை இனித்தான் என்றேன்.

காற்றாடியை அலறவைத்தது கூட்டத்தில் சின்னவன். பேஸ்புக் கணக்கைக் கொண்டுபோனது வேறொரு ஆள், அவன் வந்த முதல் நாளே வேலையை முடித்துக்கொண்டு தடயமில்லாமல் போயிருக்கவும் கூடும். உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் குக்கிகளையும் அள்ளுவதற்கென்றே எழுதப்படும் நிரல்கள் இருக்கின்றன. அள்ள அதிக நேரம் தேவையில்லை. உலாவி அவற்றைப் பூட்டித்தான் வைத்திருக்கும். ஆனால் உங்கள் பெயரில், உங்கள் கணினியில் ஓடும் நிரலுக்குச் சாவி எட்டும் தூரத்தில் இருக்கிறது. குக்கி இன்னும் வில்லங்கமானது. ஆசுபத்திரி வெளிநோயாளர் பிரிவில் ஒரு தடவை பெயர் விபரம் சொன்னால் இலக்கத் துண்டு தருவார்கள். பிறகு துண்டைக் காட்டினால் போதும், யார் என்று மறுபடி கேட்பதில்லை. ஒரு தளத்தில் நுழைந்தபின் உலாவிக்குக் கிடைக்கும் துண்டுதான் குக்கி. அதைத் திருடியவனுக்குக் கடவுச்சொல் தேவையில்லை, தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கமும் தேவையில்லை. ஆகவே கடவுச்சொல்லை மாற்றுவதோடு, ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் அழுத்த வேண்டும். கொடுத்த துண்டுகள் அத்தனையும் அப்போதுதான் செல்லாமல் போகும். இதையெல்லாம் சந்தேகத்துக்குரிய கணினியில் உட்கார்ந்து செய்வது, கள்ளன் அறைக்குள் இருக்கும்போதே புதுப் பூட்டுக்குச் சாவி வெட்டுவது போன்றது. தம்பியின் கைத்தொலைபேசியில் செய்தோம். மின்னஞ்சல் முதலில், மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களை மீட்கும் வழி அதுதான் என்பதால். பிறகு வங்கி, அதன் பிறகே பேஸ்புக்.

ஒரு வகையில் அவர் தப்பினார். இதே மாதிரிப் பூட்டுடைத்த மென்பொருள்கள் வழியாகவே பரவிய ‘ஸ்டாப்’ என்ற கப்பத் தீம்பொருள், படங்களையும் ஆவணங்களையும் மறையாக்கிவிட்டுக் காசு கேட்கும். அதன் வேலைமுறையில் ஒரு வினோதம் உண்டு. இணையம் கிடைத்தால் ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனிச் சாவி வாங்கிப் பூட்டும். கிடைக்காவிட்டால் தன்னோடு கொண்டுவந்த பொதுச் சாவியால் பூட்டும். பொதுச் சாவி தெரியவந்தால் அதனால் பூட்டிய எல்லோருடைய கோப்புகளையும் மீட்கலாம். 2019 அக்டோபரில் வைரஸ் காப்பு மென்பொருள் செய்யும் எம்சிசாஃப்ட் நிறுவனம் இதன் 148 வகைகளுக்கு இலவச மீட்புக் கருவி வெளியிட்டது. சிக்னல் சரியாகக் கிடைக்காத ஊரில் இருப்பதால் வரும் அபூர்வமான நன்மை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

கடைசியில் விண்டோஸை முழுதாக அழித்துத் திரும்ப நிறுவினோம். பிடிபட்ட நான்கோடு ஐந்தாவது இல்லை என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. கல்யாணப் படங்கள், கடிதங்கள், கணக்குகளை மட்டும் வெளியே எடுத்தோம். இயக்கக்கூடிய கோப்பு ஒன்றையும் எடுக்கவில்லை, அவருக்குப் பிரியமான பாமினி எழுத்துரு நிறுவியைக்கூட. 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில், என் கணினியில் வைத்து மைக்ரோசாஃப்டின் கருவியால் நிறுவியைத் தயாரித்தேன். ஒரு மாத டேட்டாவில் நல்ல பங்கு அதோடு போனது. பழைய பிரிவுகளை அழித்து, வெறும் தட்டில் நிறுவி முடித்தபோது மாலைப் பூசை மணி கேட்டது.

கடையின் பென் டிரைவுகளையும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன், ஐந்து இருந்தன. ஒன்றில் கோப்புறைகளுக்குப் பதிலாகக் குறுக்குவழிகள் மட்டும் தெரிந்தன. கடைக்குப் பிள்ளைகள் கொண்டுவரும் ஒப்படைகளில் அடிக்கடி காணும் பழைய புழு, அதாவது தானாகவே பரவும் தீம்பொருள். உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டது என்று எண்ணிப் பலர் பென் டிரைவை ஃபார்மட் செய்துவிடுவார்கள். உண்மையில் ஒன்றும் போவதில்லை. புழு அசல் கோப்புறைகளுக்கு ‘மறை’ என்ற குறியைப் போட்டுவிட்டு, அதே பெயரில் குறுக்குவழி வைக்கிறது. அதைத் திறந்தால் முதலில் புழு ஓடும், பிறகு கோப்புறையும் திறக்கும். ஒருவருக்கும் சந்தேகம் வராது. ‘அட்ரிப்’ என்ற ஒற்றை வரிக் கட்டளையால் அந்தக் குறியை நீக்கினேன், யாரோ ஒரு பிள்ளையின் விஞ்ஞான ஒப்படை வெளியே வந்தது.

தம்பி யூரியாப் பையைத் தட்டி மடித்துக்கொண்டே எதையோ யோசித்தார்.

“அண்ணை, அந்த சிப் கோப்பை ஒட்டுசுட்டானில் இருக்கிற என் மச்சானுக்கும் கொடுத்தேன். அவருக்கும் நன்றாக வேலை செய்கிறதாம்.”

தொலைபேசியை எடுத்து அவரிடம் நீட்டினேன்.